பெண் படித்ததா குற்றம்?

"பொம்பளைங்க படிச்சு வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க, வீட்டுல குழந்தைச் சத்தமே இல்லாமப் போச்சு." இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. டிவி விவாதங்களில் இதையே கொஞ்சம் இலக்கணத்தோடு சொல்கிறார்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். ஐந்து, ஆறு என்றிருந்தது இரண்டானதில் படிப்புக்குப் பங்கு உண்டு, நல்லதுதான். ஆனால் இரண்டு வேண்டும் என்று ஆசைப்படுகிறவளும் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறாளே, அதற்கும் படிப்பா காரணம்?

இத்தாலியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகக் குறைவான பெண்கள் வேலைக்குப் போகும் நாடுகளில் ஒன்று. அங்கே ஒரு பெண்ணுக்கு 2024இல் சராசரியாக 1.18 பிள்ளைகள். பெரும்பாலான பெண்கள் வேலைக்குப் போகும் ஸ்வீடனில் 1.43. இதுவும் குறைவுதான், ஆனாலும் பெரியவரின் கணக்குப்படி இத்தாலியில் அல்லவா தொட்டில்கள் அதிகம் ஆட வேண்டும்?

அவ்வளவு தூரம் போவானேன், திருப்பூருக்கே வாருங்கள். தென்மாவட்டத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்த புருஷன் பெண்சாதி. காலை எட்டரைக்கு ஏறினால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை. லைன் வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவும் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். இரண்டாவது பிள்ளையை யார் கையில் கொடுப்பாள் இவள்?

புருஷன் இல்லையா என்பீர்கள். இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் உழைக்கிறார்கள். செய்யும் ஆண்கள் 88. வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேர்த்தியே இல்லை!

சரி, அரசாவது கைகொடுக்கிறதா? 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் சொன்னார் முதல்வர் ஸ்டாலின். அவருடைய அரசுதான், மூன்றாவது பிள்ளை என்று கணக்குச் சொல்லி ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு மகப்பேறு விடுப்பை மறுத்து உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியது. அதே ஆண்டு மே மாதம் ஆசிரியைக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது.

கம்பெனியாவது பார்த்துக்கொள்ளுமா? தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் என்பது 1948 சட்டத்திலேயே இருந்தது. ஐம்பது பேர் வேலை பார்க்கும் எந்த நிறுவனத்திலும் அது வேண்டும் என்றது 2017 மகப்பேறு திருத்தச் சட்டம். உங்கள் ஆபீசில் காப்பகம் எந்த மாடியில் இருக்கிறது என்று நாளைக்கு மேனேஜரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு மருமகளிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கலாம்.