விளையாட்டுக்கு வந்த காசு



கனகசெட்டிக்குளத்தில் எம்மிடம் மாலையில் ஓத வரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் பள்ளியில், சென்ற ஆண்டு ஒரு நாள் கலாசார நடனப் பயிலரங்கம் நடந்தது. அன்று அவளை அனுப்ப வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொன்னவர்கள் நாமே. அத்துடன் கடமை முடிந்தது என்றும் எண்ணினோம். மறுநாள் மக்தபுக்கு வந்தவள், "உஸ்தாத், ஸ்கிப்பிங் கயிறு வாங்கித் தர்றதா சொல்லியிருந்தாங்க. அந்தக் காசுலதான் டான்ஸ் வச்சாங்களாம், இனிமே கயிறு கிடையாதாம்" என்றாள். விஷயத்தின் பாதியை மட்டுமே நாம் பார்த்திருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரையிலும், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய் வரையிலும் விளையாட்டு மானியம் உண்டு. சிறு தொகைதான். ஆயினும் பந்தும் கயிறும் வளையமுமாக வாங்கினால் ஆண்டு முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும். பயிற்றுநரின் ஊதியம், ஆடை வாடகை, ஒலிபெருக்கி என்று செலவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். ஒருபுறம் கடலும் மறுபுறம் வண்டிகள் விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையுமாக இருக்கும் நம் ஊரில், பிள்ளைகள் அச்சமின்றி ஓடுவதற்குப் பள்ளி வளாகத்தை விட்டால் வேறு இடம் எங்கே?

இங்கிலாந்தில் இதே கேள்வி பெரிய அளவில் இருக்கிறது. அங்குத் தொடக்கப் பள்ளிகளுக்கென 2013இல் தனி விளையாட்டு நிதி தொடங்கப்பட்டது. 2017இல் அது இரட்டிப்பாகி, பெரும்பாலான பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 16,000 பவுண்டும் மாணவர் ஒருவருக்குப் 10 பவுண்டும் என்றாயிற்று. அதனால் விளையும் முன்னேற்றம் நிலைத்து நிற்க வேண்டும் என்பது விதி. ஆயினும் பாலிவுட், பங்க்ரா, ஆப்பிரிக்க நடனம் என ஒருநாள் பயிலரங்கம் நடத்தித் தரும் நிறுவனங்கள், இந்த நிதியிலிருந்தே கட்டணம் செலுத்தலாம் என்று விளம்பரம் செய்கின்றன. அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடனம் உடற்கல்வியின் ஒரு பகுதி என்பதால் அதனை விதிமீறல் என்று கூறிவிட முடியாது. மறுநாள் பிள்ளைகளிடம் என்ன எஞ்சியிருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். பரதநாட்டியம் தட்டிக்கும்பிடுதலில் தொடங்குகிறது. அதனைப் பயில்வோரில் பலர் வழிபாடாகவே கருதுகின்றனர். அந்தக் கலையைப் பழிப்பது நம் வேலையன்று. பிறருடைய வழிபாட்டை நம் பிள்ளைகள் ஒருநாள் வேடிக்கையாக ஆடிப் பார்ப்பது இரு தரப்புக்கும் மரியாதையுமன்று. ஆனால் உடலசைவு என்றாலே ஹராம் என்று பேசும் சிலரோடும் நாம் உடன்படவில்லை. பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதிலேயே ஈட்டிகளோடு விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் காட்டினார்கள். ஸஹீஹ் முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் அதற்கு ஆளப்பட்ட சொல் ஆடுதலையும் குறிக்கும். ஆயுதமேந்தித் துள்ளி விளையாடியதாக இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் களிகம்பு என்னும் கோலாட்டம் இன்றும் உண்டு.

கலாசாரமும் வேண்டும், விளையாட்டும் வேண்டும் என்று பள்ளி கருதினால் சிலம்பம் இருக்கிறதே! 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஒரு கம்பு பல ஆண்டுகள் உழைக்கும். எந்த வீட்டுப் பிள்ளையும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

இதை எங்கே சொல்வது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவில், அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அக்குழுவின் பணிகளுள் ஒன்று. நம்மவர் எத்தனை பேர் அக்கூட்டங்களுக்குப் போகிறோம்? பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வது எளிது. அங்குப் போய் அமர்ந்து கணக்குக் கேட்பதற்குத்தான் நமக்கு நேரமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நடனத்துக்கு அனுப்பாத அதே கையோடு, ஓட்டப் பந்தயத்துக்கும் நம் பெண்பிள்ளைகளை அனுப்பாமல் விட்டுவிடுகிறோம். பயணம் ஒன்றில் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடினார்கள். முதல் முறை வென்றவர் ஆயிஷா (ரலி) அவர்களே. அபூதாவூதில் உள்ள இந்த ஹதீஸை மக்தபில் நாமே பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். நடத்திவிட்டுச் சிறுமியரைப் பாயில் அசையாமல் உட்காரச் சொல்லியும் இருக்கிறோம்.

அச்சிறுமியின் தாயார் இவ்வாண்டு குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதித் தருமாறு எம்மிடம் கேட்டார். முதல் வரியில் ஸ்கிப்பிங் கயிறு என்று எழுதிக் கொடுத்தோம்.