கூலி கொடுக்க ஏன் கசக்கிறது?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள், திருநெல்வேலியிலிருந்து என் பழைய மாருதி 800-இல் தோவாளைக்கு வந்துகொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்த மாதத்துக் காற்று எப்படியிருக்கும் என்று, அந்த வழியாகப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; போகாதவர்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடியதே தவிர, வேகம் கூடவில்லை. பழியைக் காற்றின்மேல் போட்டேன். தோவாளைப் பூச்சந்தையை நெருங்கியபோது, பிச்சிப்பூ மணத்தையும் மீறிக்கொண்டு ஒரு கருகல் நாற்றம் வந்தது. காற்று குற்றமற்றது என்று அப்போதுதான் தெரிந்தது. போனது கிளட்ச்.

வண்டியை எப்படியோ என் மைத்துனன் வீட்டு வாசலில் கொண்டு நிறுத்தினேன். அவன் விசாரித்து முடிப்பதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

“அத்தான், பட்டறைக்குக் கொண்டுபோனா கூலி மட்டும் ரெண்டாயிரம் கேப்பான். எல்லாம் போன்ல வீடியோவா இருக்கு. ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேருமா மாட்டிரலாம்.”

அன்றே கடைக்குப் போய் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் வாங்கினோம். ரூ. 3,200. கடைக்காரர் சொன்ன விலை. மைத்துனன் வாய் திறக்கவில்லை. இரும்புக்கு மூவாயிரத்து இருநூறு கொடுக்கும்போது வலிக்காத மனம், மனிதனின் உழைப்புக்கு இரண்டாயிரம் என்றதும் ஏன் துடிக்கிறது? நான் சண்டைக்கு நிற்பது இந்தக் கேள்விக்காகத்தான்.

தோவாளைக்காரர்களுக்கு இது புதிதல்ல. வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் நொச்சி இலையும் வைத்து, மாணிக்கக் கல் பதித்தாற்போல இங்கே ஒரு மாலை கட்டுகிறார்கள். தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் மாலை வாங்க வந்து நிற்கும்போது நாம் பேசுவது என்ன? “பூ விலை சரி, கட்டுறதுக்கு இவ்வளவா?” பூ செடியில் தானாகப் பூத்துவிடும், மாலை தானாகக் கட்டிக்கொள்ளாது. ஆயுத பூஜையன்று காருக்கு மாலை போட்டு, ஸ்பானருக்கும் சந்தனம் வைக்கிறோம். மறுநாள் அந்த ஸ்பானரைப் பிடிக்கிற கையோடு பேரம் பேசுகிறோம். ஆயுதத்துக்குப் பூஜை, ஆளுக்குப் பேரம்!

“அப்படியானால் தன் கையால் வேலை செய்வதே தப்பா?” என்று கேட்பீர்கள். இல்லை ஐயா, இல்லை. மைத்துனனும் இதே வாதத்தைத்தான் எடுத்தான். “ஜி. டி. நாயுடு எந்தப் பட்டறைக்காரன்கிட்ட படிச்சாரு?” என்றான். உண்மைதான். 1893-இல் பிறந்த அந்த மனிதர், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்தே இயந்திரம் கற்றார். ஆனால் அவர் பிரித்தது அதன் உள்ளே என்ன இருக்கிறது என்ற தாகத்தால். ஒருவனுடைய கூலியை மிச்சம் பிடிக்க அல்ல. கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவுமில்லை. கோயம்புத்தூரில் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அந்தத் தாகம் உங்களுக்கு இருந்தால் தாராளமாகப் பிரியுங்கள். நான் விளக்குப் பிடிக்கிறேன். கஞ்சத்தனத்துக்குச் சுயமுயற்சி என்று பெயர் சூட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வேலையும் லேசானதல்ல. ஓயாமல் சுழலும் என்ஜினுக்கும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டிய சக்கரத்துக்கும் நடுவே இருந்து, சேர்த்தும் பிரித்தும் வைக்கிற வட்டத் தகடுதான் கிளட்ச் பிளேட். மத்தியஸ்தன் தேய்வது உலக வழக்கம். அதை எட்டுவதற்குக் கியர் ஆயிலை வடித்து, முன் சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளைக் கழற்றி, என்ஜின் தொங்காமல் முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். புதுப் பிளேட் மையம் பிசகினால் கியர்பாக்ஸ் திரும்ப ஏறாது. எண்ணெய்க் கை பட்டால் புதுசும் வழுக்கும். பழைய பிளேட்டின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். வாயால் ஊதிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி ஒருமுறை சறுக்கினால் கூலிக் கணக்குப் பார்க்க ஆள் இருக்கமாட்டான்.

“பட்டறையில் ஏமாற்றுகிறார்களே!” என்பது அடுத்த ஆட்சேபம். ஏமாற்றுகிறவர் உண்டு. நாலு வாரத்தில் முடிய வேண்டிய தொடர்கதையைப் பத்து வாரம் இழுத்த எழுத்தாளனுக்கு அதைப் பேச அருகதை குறைவு. வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டு போங்கள். பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அறிவோடு கூலி கொடுப்பவனை ஏமாற்றுவது கடினம்.

நான் அப்படித்தான் நின்றேன். பையன்கள் ‘ஆசான்’ என்று கூப்பிடும் அந்த மெக்கானிக், தேய்ந்த தகட்டை என்னிடம் நீட்டினார். ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன.

“சார், நீங்க ஓட்டும்போது இடது கால எங்க வப்பீங்க?”

“கிளட்ச் மேலேதான்.”

“சந்தையில கூட்டம்னா?”

“அரைக் கிளட்ச்சில் நகர்த்துவேன்.”

ஆசான் சிரித்தார். “பிளேட்ட நான் மாத்திருவேன். அந்தக் கால யாரு மாத்துவா?”

என்னிடம் பதில் இல்லை. மைத்துனன், “ஆசான், ஆயிரத்தெண்ணூறு வச்சுக்கிடுங்க” என்று ஆரம்பித்தான். அவன் கையைத் தட்டிவிட்டு இரண்டாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தேன். எந்தப் பட்டறையிலும் கூலி கொடுத்துச் செய்துகொள்ள முடியாத ஒரே ஒரு வேலை எனக்கு மிச்சமிருந்தது. வீடு திரும்பும்போது அதைச் செய்தேன்: கியர் மாற்றும் நேரம் தவிர, இடது காலைக் கீழே வைத்தேன்.