வாடகை வீட்டின் வாசலில்

திருநங்கைகளுக்கென நல வாரியத்தை 2008இல் அமைத்து நாட்டுக்கே முன்னோடியானது தமிழ்நாடு. திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளரானார்; திருநங்கையான நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். பெருமைதான். ஆனால், மாதச் சம்பளம் வாங்கும் திருநங்கை ஒருவர் வாடகைக்கு வீடு தேடிப் போனால் நடப்பது என்ன? வாசலில் ‘டு லெட்’ பலகை தொங்கும். ஆளைப் பார்த்ததும், “நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோம்மா” என்பார்கள். மறுவாரமும் பலகை அங்கேயே இருக்கும். கொடுக்க முன்வருபவர்களிலும் பலர் கூடுதல் வாடகை கேட்கிறார்கள். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் நடக்கும் திருநங்கைகளின் திருவிழாவுக்கு மக்கள் திரண்டு போகும் அதே ஊர்களில்தான் இதுவும் நடக்கிறது.

வீடு தர மறுப்பது பாகுபாடு என, திருநர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 3ஆம் பிரிவில் தெளிவாகவே சொன்னது. மறுப்பவருக்கு என்ன தண்டனை என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. பல்லில்லாத இந்தச் சட்டத்தை நம்பி யார் புகார் கொடுக்கப் போவார்கள்?

வீடு மறுக்கப்பட்டால் மாவட்ட நிர்வாகம் உடனே தலையிடும் வகையில் மாநில அரசு விதிகளை வகுக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்களே, மற்றவர்களிடம் கேட்பதை மட்டும் இவர்களிடமும் கேளுங்கள்: வேலை, அடையாள அட்டை, முன்பணம். அது போதும்.