கள்ள நோட்டுக்கு ஒரு நியாயம், கள்ள பிரேக்குக்கு ஒரு நியாயமா?

போன ஞாயிற்றுக்கிழமை டெல்லியில் நண்பர் ஒருவர் வீட்டில் இட்லி, சட்னியோடு வழக்கமான பெருமைப் பேச்சு. "டி.வி.எஸ்.னா சும்மாவா சார்? நம்ம ஊர் கம்பெனியாக்கும்!" என்றார். அடுத்த நிமிஷமே, "காருக்கு வீல் சிலிண்டர் மாத்தினேன். டி.வி.எஸ். கர்லிங் டப்பாவிலேயே பாதி விலைக்குக் கொடுத்தான். பில்தான் கிடையாது" என்று கண்ணடித்தார்.

எனக்கு அதுக்கப்புறம் இட்லி இறங்கலைங்க.

பெருமை பேசுறவங்க அந்தப் பேரோட கதையைக் கொஞ்சம் கேளுங்க. டி.வி.எஸ். என்றால் திருக்குறுங்குடி வேங்கராம் சுந்தரம் அய்யங்கார். 1911இல் மதுரையில் தொழில் தொடங்கி பஸ் விட்டவர். வண்டி நடுவழியில் நின்றால் பயணிக்கு அவர்தான் பதில் சொல்லணும். உதிரிபாகத்தோட அருமை அங்கேதான் தெரியும். கர்லிங் என்பது ஆல்பர்ட் கர்லிங் என்கிற இங்கிலீஷ்காரர். 1925இல் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு அந்தப் பேர் லூகாஸ் கம்பெனி கைக்குப் போனது. டி.வி.எஸ்.ஸும் லூகாஸும் கைகோர்த்து 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பித்தார்கள். 2003இல் அதன் வார்ப்படப் பிரிவு டெமிங் பரிசு வாங்கியது. தரத்துக்காகக் கொடுக்கிற ஜப்பான் பரிசு அது.

இத்தனை வருஷம் உழைத்து ஒட்டின பேரை, நாலு ரூபாய்க்கு அச்சடிச்ச டப்பாவில் வாங்கிட்டு வந்து 'நம்ம கம்பெனி' என்றால் எப்படி?

"ரெண்டும் ஒரே பட்டறையில்தான் சார் செய்யுறான்" என்பார்கள். யார் பார்த்தது? வீல் சிலிண்டருக்குள் சின்னதா ஒரு ரப்பர் கப் இருக்கு. பிரேக் ஆயிலைத் தாங்காத ரப்பராக இருந்தால் ஊதிப்போகும், கசியும். ஒருநாள் பெடல் தரையைத் தொடும்.

எனக்குத் தொட்டது. சில வருஷம் முன்னால், இதே மாதிரி பில் இல்லாத சரக்கு. காஸியாபாத்திலிருந்து திரும்பும்போது. பின் சீட்டில் மனைவியும் பொண்ணும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து டிவைடரில் உரசி நிறுத்தினேன். மிச்சம் பிடிச்ச பணம் ஐந்நூறு ரூபாய்கூட இருக்காது. அதனால்தான் இவ்வளவு கோபம். முதல் கோபம் என் மேலேயே.

வங்கியில் கள்ள நோட்டு வந்தால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்கிறோம். யாருக்கும் திருப்பித் தர மாட்டோம். கள்ள நோட்டால் பணம்தான் போகும். கள்ள பிரேக்கால்? ஆனால் அதை மட்டும் சாமர்த்தியம் என்கிறோம்!

விலை ஒரு பிரச்சினைதான், ஒத்துக்கறேன். கார் கம்பெனி டப்பாவைத்தான் வாங்கணும்னு சொல்லலை. அதைத் தயாரித்தவரின் சொந்த டப்பாவில் பல சமயம் விலை குறைவு. அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பாகத்தின் எண்ணைச் சரிபார்த்து, பில்லோடு வாங்குங்க. வரி 28 சதவிகிதமாக இருந்தப்போ புலம்பினதில் நியாயம் இருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து 18தான்.

ஊர்ப்பெருமை வேணுமா? பில்லைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.