ஐந்து கட்டை இரைச்சல்

பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு வாசகர். மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறாராம். ‘கோயில் கொடையில் மேடை ஏறினால் கிடார் ஙொய்ங் என்று இரைகிறது. பிக்கப்பை மாத்துங்கிறாங்க. எதை வாங்கட்டும்?’ என்று கேட்டிருக்கிறார்.

பிக்கப் பெரிய சிதம்பர ரகசியம் இல்லை. காந்தம்; அதைச் சுற்றி தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி, ஏழெட்டாயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். (நைலான் தந்தியைக் கட்டிவிட்டு சத்தம் வரலியே என்று கடிதம் போடாதீர்கள்.)

தொல்லை என்னவென்றால், அந்தச் சுருளுக்குத் தந்தி எது, ட்யூப்லைட் சோக் எது என்ற பேதம் தெரியாது. கொடை ராத்திரியில் சீரியல் செட், சோக், ஜெனரேட்டர் என்று அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஸ்வரக் கணக்கில் பார்த்தால் கீழ் ஸ்தாயியில் ஏறக்குறைய ஐந்து கட்டை! மின்வாரியம் தரும் சுருதிப்பெட்டி. பாடகர் ஒண்ணரைக் கட்டையில் ஆரம்பிக்கும்போதுதான் வம்பு.

இதற்கு 1955-ல் கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் வழி கண்டார். இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்தார். வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தந்தியின் ஓசை மட்டும் இரட்டிக்கும். பெயர் ஹம்பக்கர். ஒற்றைச் சுருளின் கணீர் கொஞ்சம் மழுங்கும், வாஸ்தவம்தான். கொடை மேடையில் அதை யார் கேட்கப் போகிறார்கள்? ஹம்பக்கரே வாங்குங்கள். ஒற்றைச் சுருளின் குழியிலேயே உட்காரும் ஒல்லி ரகமும் உண்டு. மரத்தைக் குடைய வேண்டாம். கூடவே 250 கே வால்யூம் கன்ட்ரோலை எடுத்துவிட்டு 500 கே போடுங்கள். இல்லையென்றால் ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்கும்.

‘ஹாட்’ என்று அட்டையில் போட்டிருப்பதற்கு மயங்காதீர்கள். பலத்த காந்தத்தைத் தந்திக்கு ரொம்பக் கிட்டே வைத்தால் அது தந்தியையே பிடித்து இழுக்கும். ஸ்வரம் பிசகும், கார்வை சீக்கிரம் செத்துவிடும். சினிமாப் பாட்டுக்கே இது ஆகாது, கர்னாடக இசைக்கு எப்படி? மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் (1969-2014) ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி இருந்த வாத்தியத்தை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கி, மின்சாரத்தில் வாசித்தார். டொக் டொக்கென்று அணைந்துபோகும் மாண்டலினில் கமகம் நின்றது அப்படித்தான். கார்வைதான் அங்கே மூலதனம்.

பர்ஸைத் திறக்குமுன் ஒரு பரீட்சை. தந்தியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் பெரும்பாலும் உட்குழியில் செம்புத் தாள் ஒட்டி எர்த்தோடு சேர்த்தாலே போதும். தொட்டால் கூடுகிறதா? எங்கேயோ எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. அதை முதலில் கவனியுங்கள்.

எர்த் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 1972-ல் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸின் ஸ்வான்ஸீயில் லெஸ்லி ஹார்வி என்ற கிடார்க்காரர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். தற்காலிகக் கம்பத்திலிருந்து ஒயர் இழுத்த மேடையில் கிடார் ஒரு லைனிலும் மைக் செட் இன்னொரு லைனிலும் வேண்டாம், தம்பி. இரண்டையும் ஒரே எர்த்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மைக்கில் வாய் வைக்குமுன் அதில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். பல்பு எரிந்தால், மைக் செட்காரர் என்ன சொன்னாலும் மேடையை விட்டு இறங்கிவிடுங்கள்.