புனைவியல்: பாதி வாக்கியத்தில் நின்ற வரையறை

ஆங்கில இலக்கியத்தின் புனைவியல் இயக்கம் யாது எனத் தமிழ் முதுகலை மாணவர் ஒருவரிடம் வினவினால் பெறப்படும் விடை பெரும்பாலும் ஒன்றே. இயற்கைக்குத் திரும்புதல், உணர்ச்சிக்கு முதன்மை, கட்டற்ற கற்பனை, தனிமனித விடுதலை, பழமையின் மீது ஏக்கம் என ஐந்தாறு கூறுகள் வரிசையாக வந்து நிற்கும். வலிய உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவதே கவிதை என வேர்ட்ஸ்வொர்த் வரையறுத்தார் என்பதும் தவறாது இடம்பெறும். இவற்றுள் எதுவும் முழுப்பொய் அன்று. ஆயினும் இவற்றைக் கூட்டினால் கிடைப்பது 1790க்கும் 1830க்கும் இடையே இங்கிலாந்தில் எழுதிய கவிஞர்களின் உருவம் அன்று; கையேட்டிலிருந்து கையேட்டிற்குப் படியெடுக்கப்பட்டு வரும் ஒரு பட்டியலே.

இப்பட்டியலின் பழுதை அறிய அந்த வரையறை ஒன்றே போதுமானது. அது 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுதியின் 1800ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு வேர்ட்ஸ்வொர்த் எழுதிய முன்னுரையில் உள்ளது. ஆனால் அவ்வாக்கியம் அங்கு முற்றுப்பெறவில்லை. இயல்பான நுண்ணுணர்வு மிகுதியாக வாய்த்திருப்பதோடு, நெடிதும் ஆழமாகவும் சிந்தித்தும் இருந்த ஒருவனாலன்றி மதிப்புடைய கவிதை ஒருபோதும் இயற்றப்பட்டதில்லை என்று அதே வாக்கியம் தொடர்கிறது. முன்னுரையின் பிற்பகுதியில், அமைதியான பொழுதில் மீள நினைக்கப்பட்ட உணர்ச்சியிலிருந்தே கவிதை பிறக்கிறது என்றும் அவர் விளக்குகிறார். சிந்தனையையும் நினைவையும் நீக்கிவிட்டுப் பொங்கி வழிதலை மட்டும் எடுத்துக்கொள்வது, நூற்பாவின் முதற்சீரை மட்டும் ஓதிவிட்டு உரை வகுப்பதற்கு ஒப்பாகும். தொல்காப்பியத்திற்கு இவ்வாறு ஒருவர் உரை செய்தால் தமிழ்த்துறைகள் பொறுத்துக்கொள்ளமாட்டா.

அவருடைய படைப்பு முறையும் இதற்குச் சான்று. டாஃபடில் மலர்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாடல், தனியே அலைந்த ஒருவன் திடீரெனக் கண்ட காட்சியாக அமைந்துள்ளது. ஆனால் 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவர் தனியே செல்லவில்லை. உடன் சென்ற தங்கை டோரதி அக்காட்சியைத் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்தார். பாடல் இயற்றப்பட்டது 1804இல், அச்சேறியது 1807இல், 1815ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு பகுதி புதிதாகச் சேர்க்கப்பட்டது. பாடலின் இரண்டு சிறந்த அடிகள் தம் மனைவி மேரி தந்தவை என்பதையும் கவிஞரே ஒப்புக்கொண்டுள்ளார். பதின்மூன்று ஆண்டுகள் நீண்ட இவ்வேலையைத் தன்னெழுச்சி என அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

பெயரீட்டிலும் இடர்ப்பாடு உண்டு. புனைவியல், கற்பனாவாதம், மனோரதியம் எனத் தமிழில் வழங்கும் பெயர்கள் யாவும் கற்பனையின் பக்கமே சாய்ந்துள்ளன. தம்மை ஓர் இயக்கத்தினராக அக்கவிஞர்கள் இப்பெயரால் அழைத்துக்கொண்டதும் இல்லை. அது பின்னாளில் வந்த இலக்கிய வரலாற்றாசிரியர்கள் சூட்டியது. இச்சொல் பல பொருள்களைச் சுமந்து எதையும் குறிக்காததாகிவிட்டது என 1924லேயே ஆர்தர் லவ்ஜாய் முறையிட்டார். அம்முறையீட்டிற்கு 1949இல் ரெனே வெல்லக் விரிவான மறுப்பும் எழுதினார். தமிழ்க் கையேடுகளில் இவ்விவாதத்தின் நிழல்கூட விழவில்லை.

மொழி பற்றிய வழக்கு

பட்டியல் மறைத்துவிட்டவற்றுள் தலையாயது மொழிச் சிக்கல். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 1798இல் ஆசிரியர் பெயரின்றி வெளியிட்ட அத்தொகுதியின் முகப்புக் குறிப்பு, நடுத்தர, அடித்தள மக்களின் உரையாடல் மொழி கவிதைக்கு எந்த அளவு ஏற்றது என்பதைக் கண்டறியும் சோதனை முயற்சியாகவே பெரும்பாலான பாடல்களைக் குறிப்பிடுகிறது. 1800இன் முன்னுரை அதனைக் கொள்கையாக வளர்த்தது. 1802இல் செய்யுள் வழக்கு என்னும் தனிமொழியைத் தாக்கி ஒரு பின்னிணைப்பும் சேர்ந்தது. 1817இல் தம் 'பயோகிராஃபியா லிட்டரேரியா' நூலில் கோல்ரிட்ஜ் இக்கொள்கையை நேர்நின்று மறுத்தார். உழவனின் மொழியிலிருந்து கொச்சையை நீக்கிவிட்டால் எஞ்சுவது எவருக்கும் பொதுவான மொழியே என்றும், மொழியின் சிறந்த பகுதி மனம் தன்னைத்தானே ஆராய்வதில் பிறப்பது என்றும் அவர் வாதிட்டார். ஒரே நூலின் இரண்டு ஆசிரியர்களிடையே நிகழ்ந்த இப்பெரும் வழக்கு தமிழ்க் கையேடுகளில் 'எளிய நடை' என இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது. செய்யுள் வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பாகுபாட்டை இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் ஒரு புலமை மரபு இதனைப் பொருட்படுத்தாது கடந்து செல்வது வியப்பிற்குரியது.

மொழி பற்றிய இக்கேள்வி நிலம் பற்றிய கேள்வியோடு பிணைந்தது. 1801 சனவரியில் அரசியல் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு அத்தொகுதியை அனுப்பிய வேர்ட்ஸ்வொர்த், 'மைக்கேல்', 'சகோதரர்கள்' ஆகிய இரண்டு பாடல்களையும் குறிப்பாகச் சுட்டினார். சொந்தமாகச் சிறுநிலம் வைத்திருக்கும் வடபுல உழவர்களிடம் குடும்பப் பற்று எவ்வளவு வலியது என்பதையும், அவ்வகுப்பே விரைந்து மறைந்து வருகிறது என்பதையும் அவருக்கு உணர்த்துவது கடிதத்தின் நோக்கம். உறவினன் ஒருவனுக்குப் பிணை நின்றதால் நிலத்தை இழக்கும் நிலைக்கு வந்து, அதனை மீட்க மகனை நகருக்கு அனுப்பி, இறுதியில் மகனையும் நிலத்தையும் இழக்கும் முதிய ஆயனின் கதையே 'மைக்கேல்'. இதனை 'இயற்கை வருணனை' என்னும் தலைப்பின்கீழ் வகைப்படுத்திய ஆய்வேடுகள் பாடலைப் படித்தனவா என்னும் ஐயம் எழுவது இயல்பு.

அக்காலத்து அரசு இக்கவிஞர்களை மலர்களைப் பாடித் திரிவோராகக் கருதவில்லை. 1797இல் வேர்ட்ஸ்வொர்த்தையும் கோல்ரிட்ஜையும் கண்காணிக்க உள்நாட்டுத் துறை ஓர் ஒற்றரை சாமர்செட் சிற்றூருக்கு அனுப்பியது. 1804இல் பிளேக் அரச நிந்தனைக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். பைரன் 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் அவையில் ஆற்றிய முதல் உரை, தறிகளை உடைத்த தொழிலாளருக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்ததாகும்.

இதற்கு மறுதலையான ஒரு போக்கும் உண்டு. வேர்ட்ஸ்வொர்த் புரட்சியைக் கைவிட்டவர், 1813இல் அரசின் முத்திரைத்தாள் அலுவலராகி 1843இல் அரசவைக் கவிஞரானவர், ஆதலின் அவருடைய இயற்கை ஒரு தப்பித்தலே என்பது அது. டின்டர்ன் பாடலில் அப்பகுதியின் இரும்பாலைகளும் இரவலரும் மறைக்கப்பட்டுள்ளனர் என 1986இல் மார்ஜரி லெவின்சன் எழுதியது இப்போக்கிற்கு வலிமை சேர்த்தது. பிற்கால வேர்ட்ஸ்வொர்த்தைப் பொறுத்தவரை குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் ஒரு பாடலின் மௌனத்திற்கு அத்துணைச் செவி கொடுப்போர், 'மைக்கேல்' உரக்கப் பேசுவதற்கும் செவி கொடுத்தல் வேண்டும்.

ஜான் கிளேர் என்னும் சோதனை

வேர்ட்ஸ்வொர்த்தின் கொள்கையை உண்மையில் இக்கட்டிற்கு உள்ளாக்கியவர் தமிழ்க் கையேடுகளில் அரிதாகவே தோன்றும் ஜான் கிளேர். நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் சிற்றூரில் 1793இல் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தாமும் கூலி வேலை செய்தவர். ஊரின் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டம் 1809இல் இயற்றப்பட்டது. சிறுவயதில் அவர் திரிந்த மேய்ச்சல் வெளியும் ஓடைக்கரையும் கண்முன்னே மறைந்தன. அவருடைய இயற்கைப் பாடல்களில் ஒலிப்பது பெரிதும் இவ்விழப்பே. 1820இல் முதல் தொகுதி வெளிவந்து மிகுந்த வரவேற்பைப் பெற்றது. கீட்ஸின் நூல்களை வெளியிட்ட ஜான் டெய்லரே இதனையும் பதிப்பித்தார். கிளேரின் எழுத்துக்கூட்டல், இலக்கணம், வட்டார வழக்கு ஆகியவற்றை அவர் திருத்தினார். செல்வரைச் சாடும் சில அடிகள் புரவலர் ராட்ஸ்டாக் பிரபுவின் வற்புறுத்தலால் பிந்திய பதிப்பில் நீக்கப்பட்டன.

கேம்பிரிட்ஜில் பயின்றவர் மக்கள் மொழியைக் கவிதைக்குப் பரிந்துரைத்தால் அது கொள்கை விளக்கம். அம்மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர் எழுதினால் அது பிழை. புனைவியலின் உள்முரண் இங்குதான் வெளிப்படுகிறது. வாழ்வின் கடைசி இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நார்த்தாம்ப்டன் மனநல விடுதியில் கழித்து 1864இல் மறைந்த கிளேரை விலக்கிவிட்டு மக்கள் மொழி பற்றிய அத்தியாயத்தை எழுதி முடிப்பது எளிது. எளிமை ஒன்றே அதன் தகுதி.

இப்பட்டியலை அளவுகோலாகக் கொண்டு நிகழும் ஒப்பியல் ஆய்வுகள் தமிழுக்கும் நன்மை செய்யவில்லை. முல்லைத் திணையும் வேர்ட்ஸ்வொர்த்தும் ஒன்றே என நிறுவும் முயற்சிகள், அகப்பாடலில் பேசுவோர் தலைவியும் தோழியும் பிறருமேயன்றிப் புலவர் அல்லர் என்பதையும், அங்கு இயற்கை முதல், கரு, உரி என்னும் முறைமைக்குள் இயங்குவது என்பதையும் மறந்துவிடுகின்றன. தன் மனத்தின் வளர்ச்சியையே பாடுபொருளாக்கிய ஒருவரோடு அதனை ஒப்பிடும்போது முதலில் பேசப்பட வேண்டியது வேற்றுமையே.

பாரதியைப் பற்றிய ஆய்வுகளிலும் இக்குறை தொடர்கிறது. 1912இல் வெளியான பாஞ்சாலி சபதம் முதற்பாகத்தின் முகவுரையில் எளிய பதம், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றை அவர் வேண்டுவது, 1800ஆம் ஆண்டு முன்னுரையோடு வைத்து எண்ணத்தக்கது. இதனைத் தாக்கம் என நிறுவுவதற்கு இல்லாவிடினும், இருவேறு காலங்களில் எழுந்த ஒரே கேள்வியாக ஒப்பிடுவதற்கு இடமுண்டு. அவ்வொப்பீட்டை விடுத்து, அவர் 'ஷெல்லிதாசன்' எனப் புனைபெயர் பூண்டதைச் சுட்டி, வானம்பாடியையும் மேல்காற்றையும் பாடிய கனவுக் கவிஞரின் சாயலைத் தேடுவதே வழக்கமாகிவிட்டது. மேல்காற்றுப் பாடலை ஷெல்லி இத்தாலியில் இயற்றியது 1819 அக்டோபரில். அதற்கு முந்திய மாதம், மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் ஆகஸ்டு 16 அன்று கூடிய மக்கள் மீது குதிரைப்படை ஏவப்பட்ட செய்தி கேட்டு 'மாஸ்க் ஆஃப் அனார்க்கி'யை எழுதி முடித்திருந்தார். வழக்கிற்கு அஞ்சி அது உடனே அச்சேறவில்லை. ஷெல்லி மறைந்து பத்தாண்டு கழித்து 1832இல்தான் லே ஹண்ட் அதனை வெளியிட்டார். 'ஷெல்லிதாசன்' என்னும் பெயருக்கு உரை காண்போர் அப்பாடலையும் கையிலெடுத்தல் வேண்டும்.