பம்ப் கொடுத்தால் மட்டும் போதுமா?

காசநோய் ஆராய்ச்சியில் திருவள்ளூருக்குத் தனி இடம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தோடு இது சேர்ந்திருந்த காலத்தில், 1968-இல், பிசிஜி தடுப்பூசியின் மாபெரும் கள ஆய்வு இந்த ஊர்களில்தான் தொடங்கியது. பதினைந்து ஆண்டு கண்காணித்த பிறகு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது உறுதியானது. கிருமியைப் பற்றி இவ்வளவு அறிந்த மண்ணில், கிருமி போன பின் நெஞ்சில் தங்கும் சேதத்தைப் பற்றிப் பேச்சே குறைவு. விரிந்து தளர்ந்த மூச்சுக்குழாயில் சளி தேங்கும். தேங்கினால் தொற்று வரும். தொற்று குழாயை இன்னும் கெடுக்கும். இத்தகைய நோயாளிகள் 2,195 பேரை இந்திய அளவில் பதிவு செய்து 2019-இல் வெளியான ஆய்வில், 35.5 விழுக்காட்டினருக்குக் காரணம் பழைய காசநோய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் புகையோடும் தூசியோடும் வேலை செய்பவருக்கு அந்த நெஞ்சும் இருந்துவிட்டால் சுமை இரட்டிப்பாகிறது.

இவர்களுக்கு வேண்டியது 'பம்ப்' எனப்படும் இன்ஹேலர் மட்டுமல்ல. அதைப் பிடிக்கக் கற்றுத்தரும் ஒரு ஆள். "பம்ப் பழகிவிட்டால் விடமுடியாது, மாத்திரையே போதும்" என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். பம்பின் ஒரு அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்க வைக்கும். பம்ப் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. நோய் நீடிப்பதால்தான் மருந்தும் நீடிக்கிறது. அது அடிமைத்தனம் அல்ல. ஆனால் அழுத்துவதும் இழுப்பதும் ஒருசேர நடக்காவிட்டால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். இதற்கு உதவ பம்பின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற கூட்டுக்குக் காசில்லை என்பதும் தடையாக வேண்டியதில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் செய்த ஸ்பேசரே ஆஸ்துமா குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்ததைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் காட்டினார்கள்.

சளியை வெளியேற்றுவதும் கைப்பழக்கம்தான். முதலில் குழாயை விரிக்கும் மருந்து; கால் மணி நேரம் கழித்து நிதானமாகச் சில ஆழ்ந்த மூச்சுகள்; பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று அடிவயிற்றிலிருந்து ஊத வேண்டும். வறட்டு இருமலாக இருமி நெஞ்சை நோகடிப்பதைவிட இப்படி ஊதினால் சளி மேலே நகரும். ஸ்டீராய்டு மருந்தைச் சளி போன பிறகு இழுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

தூசியை அடக்காமல் இன்ஹேலரைப் பேசுவது ஆலை முதலாளிகளுக்கு வசதி என்பார் சிலர். அவர்கள் கோபம் நியாயமானது; புகையைக் கட்டுப்படுத்தும் கடமை யாருக்கும் தள்ளுபடியாகாது. ஆனாலும் ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரலுக்கு நாளைய சுத்தக் காற்று மட்டும் மருந்தாகாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை மருத்துவர்களும் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் காசநோய் சிகிச்சை முடித்த ஒவ்வொருவர் வீட்டிலும் பம்பை வாங்கிப் பார்த்து, ஒருமுறை இழுக்கச் சொல்லித் திருத்தட்டும். சுகாதாரத்துறை இதை இந்தப் பனிக்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.